ஊரார் திண்ணைப் புராணம்

சரக்கைப் பற்றி வாய் திறக்காமல், ஊர் நியாயம் பேசியே சரக்கை விற்கும் கலையைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக மார்க்கெட்டிங் ஆசாமிகள் மார்தட்டிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். 1895-லேயே அமெரிக்காவில் கலப்பை விற்ற ஜான் டியர் கம்பெனி, 'தி ஃபர்ரோ' என்றொரு பத்திரிகையை ஆரம்பித்து உழவர்களுக்கு யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. "எங்கள் கலப்பையை வாங்கு" என்று கத்தவில்லை. "விளைச்சல் எப்படி இருக்கு?" என்று தோளில் கை போட்டது. தோளில் கை போட்டவனிடம் கலப்பை வாங்காமல் எப்படி இருப்பது?

1900-ல் பிரான்ஸில் டயர் விற்ற மிஷலின் சகோதரர்கள் இன்னும் கில்லாடிகள். நாடு முழுக்க மூவாயிரம் கார்கூட ஓடாத காலத்தில், 35,000 வழிகாட்டிப் புத்தகங்களை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், டயரை எப்படி மாற்றலாம் என்று எல்லாம் அதில் இருந்தது. ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புதுசு வாங்குவான். இதுதான் கணக்கு. பிறகொரு நாள் ஆந்த்ரே மிஷலின் ஒரு டயர் கடைக்குப் போனபோது, தன் புத்தகத்தை மேஜைக்கு முட்டுக்கொடுத்திருந்ததைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. ஓசிக்கு இதுதான் மரியாதை என்று 1920-லிருந்து காசு வாங்க ஆரம்பித்தார்கள்.

இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. பத்திரிகை அவர்களுடையது, புத்தகம் அவர்களுடையது. "உன் கட்டுரையை நூற்றில் ரெண்டு பேருக்குத்தான் காட்டுவேன்" என்று குறுக்கே கை நீட்ட எந்த வீட்டுக்காரரும் இல்லை.

வீட்டுக்காரர்கள் இனிமேல்தான், இணையத்தோடு வருகிறார்கள். முதலில் வருபவர் இவான் வில்லியம்ஸ். 1999-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து பிளாகர் என்ற வலைப்பதிவுத் தளத்தைத் திறந்து, "எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க" என்றார். உலகம் எழுதித் தள்ளியது. 2003-ல் அதைக் கூகுளுக்கு விற்றார். 2006-ல் வேறு கூட்டாளிகளோடு ட்விட்டரைத் திறந்து, "வளவளன்னு பேசாதே, 140 எழுத்துதான்" என்றார். எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து. அதில் இருபதைப் பெயருக்கு ஒதுக்கினால் மிச்சம் அவ்வளவுதான். மனித குலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருக்கி எழுதப் பழகியது. பழகி முடித்த கையோடு, 2012-ல் அதே ஆள் மீடியம் என்ற கட்டுரைத் தளத்தைத் திறந்து, "நீளமா எழுதினாத்தானே ஆழம்!" என்றார்.

கம்பெனிகள் அங்கே ஓடின. பத்திரிகைகளும் ஓடின. 'தி ஆல்' என்ற பத்திரிகை 2016-ல் ஜாகையையே அங்கே மாற்றியது. 2017 ஜனவரியில் வில்லியம்ஸ் ஐம்பது ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விளம்பரத்தை நம்பிய ஊடகமே உருப்படாது என்று தத்துவம் பேசினார். குடிவந்த பத்திரிகை அந்த ஆண்டே மூட்டை கட்டியது.

ஃபேஸ்புக் கதை இதைவிட விசேஷம். 2006-ல் 'நோட்ஸ்' என்றொரு மூலையை ஒதுக்கியது. பல ஆண்டு கவனிப்பாரில்லாமல் கிடந்ததை 2015-ல் வெள்ளையடித்து, பெரிய முகப்புப் படமெல்லாம் மாட்டி, "வாங்க, கட்டுரை எழுதுங்க" என்றது. 2020 அக்டோபர் 31-ஓடு புதிதாக யாரும் எழுதமுடியாமல் பூட்டியது. நடுவில் 2018 ஜனவரியில் அதன் தலைவர் ஜக்கர்பெர்க் ஒரு அறிவிப்பு விட்டார்: இனிமேல் சொந்தபந்தங்களின் பதிவுகள்தான் அதிகம் தெரியும், கம்பெனிப் பதிவுகள் குறையும். கம்பெனிகளுக்குப் பேச ஆசையிருந்தால்? கல்லாப்பெட்டி திறந்தே இருந்தது. கூகுள் பிளஸ் பாவம், 2011-ல் வந்து 2019 ஏப்ரலில் கண்ணை மூடியது. அங்கே பத்தி பத்தியாக எழுதிவைத்த கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தரவிறக்கம் செய்து ஓடினார்கள்.

லிங்க்ட்இன் தனி ரகம். 2012-ல் ரிச்சர்ட் பிரான்சன் மாதிரி பெரிய தலைகளுக்கு மட்டும் திண்ணையில் பாய் விரித்தது. 2014 பிப்ரவரியில் எல்லாருக்கும் விரிக்கத் தொடங்கியது. வேலை தேடி வந்த இடம் ஞானோபதேச மடமாயிற்று. பதிவின் முதல் இரண்டு மூன்று வரி மட்டும்தான் கண்ணில் படும், மீதியைத் தட்டித்தான் திறக்கவேண்டும் என்பதால், புதிதாக ஓர் இலக்கிய வகையும் பிறந்தது:

"ஆபீஸில் டீ கொடுக்கும் தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

நான் உடைந்துபோனேன்.

அது எனக்குக் கற்றுத்தந்த ஏழு நிர்வாகப் பாடங்கள் இதோ.

பி.கு: எங்கள் பம்ப்செட்டுக்கு இந்த வாரம் தள்ளுபடி உண்டு."

ட்விட்டர் மட்டும் சும்மா இருக்குமா? 2017-ல் 140-ஐ 280 ஆக்கியது. 2023-ல் சந்தா கட்டியவர்களுக்கு 4,000, பிறகு 10,000, பிறகு 25,000 எழுத்து என்று அள்ளி வழங்கி, கடைசியில் பெயரையும் எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. சுருங்கச் சொல்லக் கற்றவர்கள் இப்போது நீட்டி முழக்கக் கற்கவேண்டும். அதற்குக் காசும் கட்டவேண்டும்.

ஏன் இப்படி மாறிமாறி ஆடுகிறார்கள்? காரணம் லேசானது. உங்கள் கட்டுரையை ஒருவர் ஐந்து நிமிஷம் நின்று படித்தால், அந்த ஐந்து நிமிஷமும் விளம்பரம் காட்ட அவர்களுக்குக் கிடைத்த நேரம். வீடியோ அதைவிட அதிக நேரம் நிறுத்திவைக்கும் என்று தெரிந்த நாளில் உங்கள் கட்டுரை பழைய பேப்பர். அவர்கள் நடத்துவது தர்மசத்திரம் இல்லை. அப்படி அவர்கள் சொன்னதும் இல்லை. நாம்தான் பட்டா கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அதற்காக அங்கே எழுதாமல் இருக்காதீர்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, கூட்டம் இல்லாத இடத்தில் கடை போட்டு என்ன பயன்? ஆனால் கட்டுரையை முதலில் உங்கள் கடை பெயரில் காசு கட்டி வாங்கிய இணையதளத்தில் ஏற்றுங்கள். அப்புறம் ஊரார் திண்ணைகளில் ஒட்டுங்கள். படிக்க வருகிறவரிடம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி வையுங்கள். எந்தத் திண்ணை இடிந்தாலும் அவரைத் தேடிப்போக அது ஒன்று போதும். கட்டுரையின் நகல் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். முக்கியமாக, உங்கள் சொந்தத் தளத்தின் முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு வீட்டுக்காரர் உண்டு.