புது ஸ்கேட்டும் முற்றிய காலும்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரம் இல்லாததை நம் முன்னோர் நூலாகவே மதிக்கவில்லை. ஆகவே முதலில் அது. நுதலிய பொருள்: வளர்ந்தபின் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்கத் துணிந்த ஒருவர், பழைய பூட்ஸ் கணுக்காலருகே மடிந்து தளர்ந்துபோக, புது ஜோடி வாங்கி அதனோடு பழகும் காலம். கேட்போர்: ரிங்க் ஓரத் தடுப்பைப் பிடித்து நிற்போர் அனைவரும். பயன்: வலி குறையாது; வலிக்கு ஒரு வகைப்பாடு கிடைக்கும்.

இப்படி ஒரு கூட்டம் உண்டா என ஐயுறுவோர் உளர். அமெரிக்காவில் 1995 முதல் பெரியவர்களுக்கென்றே தேசியப் போட்டி நடந்துவருகிறது. ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் ஊரில் பன்னாட்டுப் போட்டியே உண்டு. குழந்தைகளை இவ்வாய்விலிருந்து விலக்கினோம். கால் வளர்வதால் அவர்களுக்குப் பூட்ஸ் அடிக்கடி மாறும். ஒன்றோடு உறவு முற்றுமுன் அடுத்தது வந்துவிடும். பெரியவரின் கால் வளர்வதில்லை. ஒரே ஜோடி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் ஒவ்வொரு சுருக்கமும் அவருக்கு மனப்பாடம். பிரிவு கடிதாவது இதனால் என்க.

முதலியல்: பொருள்

ஸ்கேட் என்பது ஒரு பொருளன்று, இரண்டு. தொடக்கநிலை கடந்தவர் பூட்ஸையும் பிளேடையும் தனித்தனியே வாங்குவர். பூட்ஸ் இத்தாலியிலோ கனடாவிலோ பிறந்திருக்கும். பிளேடு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்திருக்கக்கூடும். அங்கே ஜான் வில்சன் என்ற பெயர் 1696 முதல் தொழிலில் இருக்கிறது. இவ்விரண்டையும் கடைக்காரர் திருகாணியால் சேர்த்துவைக்கிறார். ஆனால் எல்லாத் திருகாணிகளையும் முதல் நாளே போடுவதில்லை. நீள்துளைகளில் சிலவற்றை மட்டும் முடுக்கி, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, பிளேடை இடமோ வலமோ இம்மியளவு நகர்த்தி, ஒத்துவந்த பிறகே மீதியைப் போடுவார். தோலுக்கும் எஃகுக்கும் இந்தச் சோதனைக் காலம் உண்டு. காலுக்கு இல்லை.

வரலாறும் காலுக்குச் சாதகமாக இல்லை. பிளேடை வாரால் சாதாரணக் காலணியில் கட்டிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதைப் பூட்ஸோடு நிலையாகப் பொருத்தியவர் என்று 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றவர், அமெரிக்கரான ஜாக்ஸன் ஹெய்ன்ஸ். அவருக்கு முன் பிளேடு காலைவிட்டு நழுவியது. அவருக்குப் பின் கால் நழுவ வழியில்லாமல் போயிற்று.

இரண்டாமியல்: மெய்ப்பாடு

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். எட்டும் ஒரே ஜோடியில் வரிசை மாறி நிகழ்வது எம் கண்டுபிடிப்பு.

பெருமிதம் கடையிலேயே தோன்றிக் கடையிலேயே முடியும். பூட்ஸைத் தனி அடுப்பில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடாக்கி, இளகியதும் காலை உள்ளே விட்டு, லேஸை இறுக்கி, ஆறும்வரை அசையாமல் உட்காரச் சொல்வார்கள். அந்தக் காலுக்கு அவ்வளவு மரியாதை இனிக் கிடைக்காது.

மருட்கை, பனிமேல் முதல் அடியில். பூட்ஸ் செய்த நிறுவனம் மாறினால் குதிகால் உயரமும் மாறலாம். சில மில்லிமீட்டர் கூடினாலும் உடலின் எடை முன்னே சாயும். முன்னே காத்திருப்பது டோ பிக் எனும் பல்வரிசை. தாவுவதற்கென வைத்த அப்பற்கள், தாவும் எண்ணமே இல்லாதவரையும் தாவவைக்கும். அச்சம் இங்கே தொடங்குகிறது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளேடின் அடி நடுவில் குழிந்திருப்பதால், அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. பழைய பிளேடில் இரண்டும் மழுங்கிச் சமரசமாகியிருந்தன. புதுச் சாணைக்குச் சமரசம் தெரியாது. பிளேடு நின்றுவிடும், அதன்மேல் நின்றவர் மட்டும் பயணத்தைத் தொடர்வார்.

அழுகை இடம்பற்றி மூவகைப்படும்: கணுக்கால் எலும்பில் எழுவது, சுண்டுவிரலில் எழுவது, லேஸ் அழுத்தும் முன்கணுக்காலில் எழுவது. வெகுளி முழுவதும் லேஸைப் பற்றியது. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் டோன்யா ஹார்டிங் லேஸ் கோளாறால் ஆட்டத்தை நிறுத்தி, நடுவர்களிடம் சென்று காலைத் தூக்கிக் காட்டி, மறுபடி ஆட அனுமதியும் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைப் பொதுநேரத்தில் முறையிட நடுவர் எவரும் இல்லாதது பெருங்குறை.

நகை பார்ப்பவர்க்கு உரியது. இகழ்ச்சி, இளமை, அறியாமை, மடமை என நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு. விறைத்த பூட்ஸுக்குள் முழங்காலை மடிக்க இயலாமல் ஒருவர் தடுப்பைப் பற்றி நிற்க, ஆறு வயதுக் குழந்தை பின்னோக்கி ஓடியபடியே அவரை வேடிக்கை பார்க்குமிடத்து நான்கும் ஒருங்கே அமையும். நிற்பவர் பங்குக்கு வருவது இளிவரல். எஞ்சிய உவகை, பூட்ஸைக் கழற்றும்போது மட்டும் பிறக்கும்.

மூன்றாமியல்: மதங்கள்

ஈரக் காலுறையோடு பூட்ஸை அணிந்தால் அது பாதத்தின் வடிவைப் பெறும் என்பார் பழைய மதத்தார். தோலுக்கு அது பொருந்தலாம். செயற்கைப் பொருளாலான இக்காலப் பூட்ஸ் ஈரத்தைப் பொருட்படுத்தாது. பிளேடுக்கு உறை மாட்டி வீட்டுக்குள் நடந்து பழகுக என்பது இரண்டாம் மதம். கீழ்வீட்டார் இதை ஏற்பதில்லை. மேற்கொக்கிகளில் லேஸை மாட்டாமல் விட்டு, எளிய சறுக்கலோடு சில நாள் நிறுத்துக என்பது மூன்றாவது. எலும்பு இடிக்குமிடத்தைக் கருவியால் வெளித்தள்ளிப் புடைக்கச் செய்க என்பது கடைக்காரர் மதம். பின்னவை இரண்டும் கொள்ளத்தக்கன.

நான்காமியல்: துணிபு

பூட்ஸ் காலுக்குப் பழகுகிறதா, கால் பூட்ஸுக்குப் பழகுகிறதா? பாதிக்குப் பாதி என்பர் நடுநிலையாளர். அது பொருந்தாது. என்னை? பழகும் காலத்தின் அடையாளம் வலியன்று, ஒரு விடை. திருப்பம் தவறியது ஏன்? "புது ஸ்கேட்." வால்ட்ஸ் ஜம்ப் பாதியில் நின்றது ஏன்? "புது ஸ்கேட்." சென்ற மாதம் இதே பிழைகளுக்குப் பழைய ஸ்கேட் காரணமாயிருந்ததையும் நோக்குக. ஸ்கேட் மாறிற்று, பிழை மாறவில்லை. ஆகவே பழகும் காலமாவது, அவ்விடையைப் பிறர் நம்பும் காலமே என்பது எம் துணிபு.

அதற்கு எல்லை வகுக்காமல் விட்டது இதுவரை நிலவிய குறை. அந்த எல்லை முதல் சாணை. கடையிலேயே பிடித்துத் தந்ததைக் கணக்கில் சேர்க்கலாகாது. அதன்பின் சுமார் 20 முதல் 30 மணி நேரம் ஓடியதும் பிளேடை மறுபடி சாணைக்குக் கொடுப்பது வழக்கம். அதுவரை விழுந்தவை ஸ்கேட்டின் கணக்கு. அதற்குமேல் விழுபவை விழுந்தவர் கணக்கு.