மிக்சர் தட்டு ரசிகர்

ஓய்வூதியம் வாங்கும் தமிழ்நாட்டு ஆண்களிடையே பரவலாகக் காணப்படும் வகை மிக்சர் தட்டு ரசிகர். மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒயர் பின்னிய நாற்காலியில் இவரைக் காணலாம். பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் தட்டு, இடது கையில் ரிமோட். ரிமோட்டின் பேட்டரி மூடி என்றோ தொலைந்துபோனதால் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். மக்கர் செய்தால் தொடையில் இரண்டு தட்டு தட்டுவார், வேலை செய்யும்.

மிக்சர் தின்பதில் ஒரு முறை உண்டு. முந்திரி இருந்தால் (பெரும்பாலும் இருக்காது) முதலில் அதுதான். அடுத்து வேர்க்கடலை, பிறகு காராபூந்தி. ஓமப்பொடி கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மற்றவர்கள் ஒதுக்கும் பொரித்த கறிவேப்பிலையை இவர் தேடி எடுப்பார், கண்ணுக்கு நல்லதாம். அடியில் தங்கிய காரத்தூளை உள்ளங்கையில் கொட்டி, அண்ணாந்து வாயில் போட்டால் ஒரு சுற்று முடிந்தது. பொட்டலம் கட்டிவந்த தாளும் வீணாகாது. அதை நீவிவிட்டு, எப்போதோ வந்த அமைச்சரின் அறிக்கையைப் படித்து, "அப்பவே சொன்னேன் பாரு" என்பார். என்ன சொன்னார் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னார்?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"முறுக்கு வேணாம்னார். மிக்சரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே!"

உண்மையில் முறுக்கைக் கைவிட்டதற்கு டாக்டர் காரணமல்ல. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கே ஆனாலும், கடிக்கும் சத்தத்தில் விவாதம் காதில் விழாது. விழாததால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். வாக்கு எண்ணும் நாளுக்கு மட்டும் சாத்தூர் காராச்சேவு. காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டை எண்ணத் தொடங்கும்போதே டப்பா திறந்துவிடும்.

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கிய 1975-இல் செய்தி அளவாக வந்தது, நொறுக்குத்தீனியும் அளவாகப் போயிற்று. 24 மணிநேரச் செய்தி சேனல்கள் வந்தபின் தட்டுக்கு ஓய்வில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதம்தான் இவருக்கு உயிர். யார் சொன்னது சரி என்பது இரண்டாம்பட்சம். யார் யாரை மடக்கினார் என்பதே முக்கியம். முடிந்துபோன விவகாரத்தில் இவருக்கு ருசி கிடையாது. அந்த வகையில் 2017 பிப்ரவரி ஒரு பொற்காலம். ஏழாம் தேதி இரவு ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி உட்கார்ந்தார், தொடர்ந்து எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்கினார்கள். மாதத்துக்கு வாங்கிவைத்த மிக்சர் அந்த நாட்களிலேயே காலியானது. பதினெட்டாம் தேதி 122-க்கு 11 என்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றபோது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இவருக்கு ஒரே வருத்தம்தான்: அதற்குள் முடித்துவிட்டார்களே!

'நாட்டாமை' (1994) படத்தில் என்ன நடந்தாலும் அசையாமல் மிக்சர் தின்பவரோடு இவரைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். அவர் பேசவே மாட்டார், இவர் நிறுத்தவே மாட்டார். 'திருவிளையாடல்' ஓடும்போது தருமியாக வரும் நாகேஷுக்கு ஒரு வசனம் முன்னால் போய்க்கொண்டிருப்பார். நக்கீரராக நடித்தவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான் என்ற தகவலை, ஏற்கனவே பலமுறை கேட்டிருக்கும் பேரனுக்கு மறுபடி சொல்வார். படம் எத்தனை முறை வந்தாலும் சேனலை மாற்ற மாட்டார். விளம்பரம் வந்தால் மட்டும் செய்திக்குத் தாவுவார், திரும்பி வருவதற்குள் பாதிக் காட்சி போயிருக்கும்.

சீரியல் நேரத்தில்தான் முன்பெல்லாம் சண்டை. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் பல வீடுகளில் இந்த எல்லைத் தகராறைத் தீர்த்துவைத்தது. அந்த 14 அங்குலப் பெட்டி உள்ளறைக்குப் போனது. இப்போது விளம்பர இடைவேளையில் எழுந்துபோய் எட்டிப் பார்த்து, "அந்த மாமியா கொடுமை இன்னும் தீரலையா?" என்பார். "உங்க ஆளுங்க கூட்டணி முடிவாயிடுச்சா?" என்று அங்கிருந்து பதில் வரும். இரண்டுக்கும் விடை நாளை இரவு எட்டு மணிக்குத்தான் தெரியும்.