கூரை வழியா, வாசல் வழியா?

பழைய கிரேக்க வைத்தியர்களின் கணக்கில் கர்ப்பப்பை என்பது உடம்புக்குள் ஊர் சுற்றும் ஒரு ஜந்து. ஈரம் குறைந்தால் கல்லீரல் பக்கம் போய்விடும். இன்னும் மேலே ஏறினால் மூச்சை அடைக்கும். அதைப் பழைய இடத்தில் உட்காரவைக்க, மூக்கருகே நாற்றமும் கீழே நறுமணமுமாகப் புகை போட்டார்கள். அதற்கும் மசியாவிட்டால் இருக்கவே இருக்கிறது சர்வரோக நிவாரணி: பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவை, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடமாகியும் இந்த மருந்துச் சீட்டு காலாவதியாகவில்லை. நம்மூரில் எந்த அத்தையிடமும் இலவசமாகக் கிடைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மயக்க மருந்தும் கிருமிநாசினியும் வந்தன. ஊர் சுற்றி என்ற பட்டத்திலிருந்து கர்ப்பப்பைக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் கத்தியிடம் மாட்டிக்கொண்டது. 1878இல் பிரெஸ்லௌ நகரத்து வில்ஹெல்ம் ஃப்ராய்ண்ட், புற்றுநோய் வந்த கர்ப்பப்பையை வயிற்றைத் திறந்து முழுசாக எடுத்துக் காட்டினார். கேள்விப்பட்டவர்களெல்லாம் தாங்களும் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆரம்ப காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் பாதிக்கு மேல் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஆபரேஷன் வெற்றி என்றுதான் பதிவேடுகள் சொல்லின.

இப்போது வியன்னா. அங்கே ஃப்ரீட்ரிஷ் ஷௌட்டா பெரிய புரொபசர். அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம். குருவை மிஞ்சுவதென்று சிஷ்யர் முடிவு கட்டிவிட்டால் ஊருக்கு வேடிக்கைதான். 1898 நவம்பரில் வெர்ட்ஹைம், வாய்ப்பகுதியில் புற்றுநோய் வந்த கர்ப்பப்பை ஒன்றை வயிற்றைத் திறந்து எடுத்தார். அதோடு நிற்காமல் இருபுறமும் இருந்த திசு, யோனியின் மேல்பகுதி, வீங்கியிருந்த நிணநீர்க் கணுக்கள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்தார். 1901இல் குரு பதில் கொடுத்தார். வயிற்றைத் தொடாமலே, கீழ்வழியாக, அதே அகலத்துக்கு எடுத்துக் காட்டினார். சிஷ்யர் கூரையைப் பிரித்து இறங்கினார், குரு வாசல் வழியாக வந்தார். இரண்டு பேரும் வெளியே போகும்போது கையில் இருந்தது ஒரே பொருள்.

இதன்பிறகு பத்து வருடம் வியன்னாவில் நடந்தது மருத்துவமா, மாமியார் மருமகள் பஞ்சாயத்தா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெர்ட்ஹைமின் முதல் 29 நோயாளிகளில் 38 சதவிகிதம் பேர் ஆபரேஷனாலேயே இறந்தார்கள். என் வழியில் சாவு குறைவு என்பது குருவின் கட்சி. உங்கள் வழியில் நோய் பரவும் நிணநீர்க் கணு கண்ணுக்கே தெரியாதே என்பது சிஷ்யரின் கட்சி. 1908இல் குரு புத்தகம் போட்டார். 1911இல் சிஷ்யர் 500 பேரின் கணக்கோடு தானும் ஒன்று போட்டார்; அதற்குள் அவருடைய சாவுக் கணக்கு பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. 1919இல் ஷௌட்டா போனார். 1920இல் வெர்ட்ஹைமும் பின்னாலேயே போனார். வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கலாம்.

நியாயமாகப் பேசினால், அவர்களைக் குறை சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்துப் பெண்கள் டாக்டரிடம் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கும். உயிர் தங்கினால் போதும் என்ற நிலை. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு. அது பெரும்பாலும் பக்கவாட்டில் பரவும். மேலே, குழந்தை வளரும் பகுதிக்கு, ஏறுவது குறைவு. குற்றம் செய்தது வாய், தூக்கு மொத்தப் பைக்கும். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் பாப் ஸ்மியர் சோதனை பரவி, சின்னக் கட்டியோடு சின்ன வயதுப் பெண்கள் வர ஆரம்பித்த பிறகும் தீர்ப்பு மாறவில்லை.

1940களில் பாஸ்டனில் ஜோ மெய்க்ஸ், வெர்ட்ஹைமின் ஆபரேஷனோடு இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் அத்தனையையும் வழித்தெடுப்பதைச் சேர்த்தார். கணு முக்கியம் என்றானதும் வாசல் கட்சி டெபாசிட் இழந்தது. கல்கத்தாவில் சுபோத் மித்ரா மட்டும் விடவில்லை. கர்ப்பப்பையை ஷௌட்டா வழியில் கீழே எடுத்தார். கணுக்களை வயிற்றின் இரு ஓரத்திலும் தனியாகக் கீறி எடுத்தார். இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கொடுத்த அந்தச் சமரசத்துக்கு மித்ரா ஆபரேஷன் என்றே பெயர்.

'எடுத்துத்தான் ஆகணுமா?' என்று வாய்திறந்து கேட்டவர்களில் முந்தியவர் ருமேனியாவின் அபுரெல். 1950களில் கர்ப்பப்பை வாயையும் பக்கத்துத் திசுவையும் மட்டும் எடுத்து, மேல்பகுதியை விட்டுவைத்தார். ஆனால் அவருடைய நோயாளிகளில் யாருக்கும் குழந்தை தங்கவில்லை. பார்த்தீர்களா என்று உலகம் கோப்பை மூடியது.

அதே பத்தாண்டில், விடையின் ஒரு துண்டு சென்னைப் பத்திரிகை ஒன்றில் அச்சாகிக் கிடந்தது. நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் அரசியலுக்கு நடுவே நடத்திய மருத்துவப் பத்திரிகை 'ஆன்டிசெப்டிக்'. 1955இல் அதில் பம்பாய் டாக்டர் வி.என். ஷிரோட்கர் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். வாய் பலவீனமாக இருப்பதால் நாலைந்து மாதத்தில் கரு கலைந்துபோகும் பெண்களுக்கு, வாயைச் சுற்றி ஒரு தையல் போட்டுக் கட்டிவிடலாம் என்றார். தொடையிலிருந்து எடுத்த சவ்வுப் பட்டைதான் நூல். கட்டுரை இரண்டே பக்கம். வியன்னாக்காரர்கள் ஆளுக்கொரு புத்தகம் போட்ட உறுப்புக்கு அந்த இரண்டு பக்கம் செய்த உபகாரம் அதிகம்.

அடுத்த துண்டு லாப்பராஸ்கோப். வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கலாம் என்று ஜெர்மனியின் கீல் நகரத்து குர்ட் செம் சொன்னபோது, முதலில் உங்கள் மூளையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சகாக்கள் அனுப்பிவைத்ததாகச் சொல்வார்கள். 1980இல் அவர் துளை வழியாகவே குடல்வால் ஆபரேஷன் செய்தார். மூளை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இத்தனை துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தவர் பிரான்சின் லியோன் நகரத்து டானியல் டார்ஜான். 1987இல் அவர் செய்தது இதுதான்: கணுக்களை லாப்பராஸ்கோப் வழியாக எடுத்துச் சோதிப்பது; அங்கே நோய் இல்லையென்றால், எல்லோரும் கைகழுவிய ஷௌட்டாவின் வாசல் வழியாகப் போவது; வாயையும் பக்கத் திசுவையும் எடுத்துவிட்டு, வெட்டிய விளிம்பில் நோய் இல்லையென்று உறுதிசெய்வது; மிச்சமிருக்கும் பையின் அடியில், ஷிரோட்கர் பரம்பரைத் தையல் ஒன்றை நிரந்தரமாகப் போட்டு, யோனியோடு இணைத்துவிடுவது. கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கும், மாதவிலக்கு வரும், குழந்தையும் தங்கலாம். குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுதல், பிரசவம் சிசேரியன்தான். இதற்கு டிராக்கிலெக்டமி என்று பெயர். ஷௌட்டா இறந்து 68 வருடம் கழித்து வாசல் கட்சிக்கு மறுவாழ்வு.

சிஷ்யர் சும்மா இருப்பாரா? 2018இல் 631 பெண்களை வைத்து நடந்த சர்வதேச ஆய்வின் முடிவு வந்தது. கர்ப்பப்பையை அகலமாக எடுக்கும் ஆபரேஷனை வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களில் நாலரை வருடம் கழித்தும் நோயில்லாமல் இருந்தவர்கள் 96.5 சதவிகிதம், துளை வழியாகச் செய்துகொண்டவர்களில் 86. டார்ஜானின் ஆபரேஷன் அந்த ஆய்வில் சேர்த்தி இல்லை. ஆனாலும் துளைபோட்டுத் தேர்ந்த ஒரு தலைமுறை மறுபடி கூரையேறக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் வெர்ட்ஹைமுக்கும் முழு வெற்றி இல்லை. 2024இல் வந்த இன்னொரு ஆய்வில் 700 பெண்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்து குறைந்த கட்டிகள். பக்கத் திசுவை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் மூன்று வருடத்தில் இடுப்புக்குள் நோய் திரும்பியது 2.52 சதவிகிதம் பேருக்கு. அகல வெட்டில் 2.17. பெரிய வித்தியாசமில்லை. இப்போது, பொறுக்கியெடுத்த சில பெண்களுக்கு வாயைக் கூம்பு வடிவில் வெட்டியெடுத்து, கணுக்களைச் சோதிப்பதே போதும் என்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு முழுக்க யார் அதிகம் எடுப்பது என்று போட்டி; இன்று யார் குறைவாக எடுப்பது என்று போட்டி. டாக்டர்களுக்குப் போட்டி இல்லாமல் பொழுது போகாது. இந்தப் போட்டியில் நோயாளிக்கும் கொஞ்சம் லாபம்.

இன்றைக்கு இந்த முடிவை எடுக்குமுன் நாலு விஷயம் பார்க்கிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது? கணுக்களில் பரவியிருக்கிறதா? அணுக்கள் எந்த வகை? அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ளும் விருப்பம் உண்டா? முதல் மூன்றுக்கும் ஸ்கேன் வேண்டும், லேப் வேண்டும், படித்த டாக்டர் வேண்டும். நாலாவதற்குப் பதில் படுக்கையில் இருப்பவரிடமே இருக்கிறது, கூட வந்த மாமியாரிடம் இல்லை. 'வேண்டாம்' என்பதும் பதில்தான். எந்தக் கருவியும் இல்லாமல் கேட்டுவிடக்கூடிய அந்த ஒரு கேள்விதான் அபுரெல் போன்ற ஓரிருவர் தவிர, மருத்துவத்துக்கு 1987 வரை தோதுப்படவில்லை.