எல்விஸைக் கொடுத்து சோஃபா வாங்கியவர்

ஒரு பாடகருக்கு ஓவியர் மரியாதை செய்வதென்றால் என்ன வரைவார்? கையில் கிதார், முன்னால் மைக். ஆண்டி வார்ஹால் எல்விஸ் பிரஸ்லிக்குக் கொடுத்தது துப்பாக்கி. அதையும் அவர் வரையவில்லை. 'ஃப்ளேமிங் ஸ்டார்' என்ற கௌபாய் படத்தின் விளம்பர ஸ்டில்லைச் சுட்டு, வெள்ளி பெயிண்ட் பூசிய கான்வாஸில் சில்க் ஸ்கிரீன் அடித்துவிட்டார். ஒரு எல்விஸ், மேலேயே இடித்துக்கொண்டு இன்னொரு எல்விஸ். காப்பி-பேஸ்ட்டுக்குக் கம்ப்யூட்டர் வரட்டும் என்று மனுஷன் காத்திருக்கவில்லை!

1963-ல் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில் கண்காட்சி. நியூயார்க்கிலிருந்து வார்ஹால் அனுப்பிய 'ஓவியங்கள்' வந்து இறங்கின. பிரித்தால், ஜவுளிக்கடை பீஸ் துணி மாதிரி ஒரே சுருள். உள்ளே வரிசையாக எல்விஸ், எல்விஸ், எல்விஸ். கூடவே பல அளவுகளில் மரச் சட்டங்கள். எங்கே வெட்டுவது? அது கேலரிக்காரர் இர்விங் ப்ளம் இஷ்டம்! பாப் ஆர்ட்டின் மாபெரும் அஞ்சலியில் கத்தரிக்கோலுக்கும் ஒரு கிரெடிட் போட்டிருக்கலாம்.

அடுத்து பாடகர் பாப் டிலன் என்ட்ரி. 1965 வாக்கில், சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டிய வார்ஹாலின் 'ஃபேக்டரி' ஸ்டூடியோவுக்கு வந்தார். வார்ஹால் படமெடுக்க, கேமரா முன்னால் சிரிக்காமல் உட்கார்ந்தார். கிளம்பும்போது ஆளுயர இரட்டை எல்விஸ் ஒன்றும் கூடவே கிளம்பியது. வார்ஹால் கொடுத்தாரா, டிலனே கூலியாக எடுத்துக்கொண்டாரா? சாட்சிகளுக்குள்ளேயே சண்டை. கார் கூரையில் கட்டி எடுத்துப் போனதாகக் கேள்வி. கலைக்குக் கிடைத்த உயர்ந்த இடம்தான், சந்தேகமில்லை.

டிலன் சின்ன வயதிலிருந்தே எல்விஸின் வெறித்தனமான ரசிகர். சரி, படத்தைப் பூஜை அறையில் வைத்தாரா? டார்ட் எறிந்து விளையாடுகிறார் என்று வார்ஹால் காதுக்கு வதந்தி போனது. நிஜம் அதைவிட மோசம். தன் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மனிடம் எல்விஸைத் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரு சோஃபா வாங்கிக்கொண்டார்!

டார்ட் என்றாலாவது படத்தை ஏறெடுத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அதே வரிசையில் வந்த இன்னொரு இரட்டை எல்விஸ் 2012-ல் சோத்பீஸ் ஏலத்தில் 3.7 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தைப் பார்த்துத்தான் டிலனுக்கு ஞானம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1985-லேயே ஒரு பேட்டியில், தான் செய்தது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இதை ஆண்டியிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசையாம். அதே மூச்சில் ஒரு விண்ணப்பமும் வைத்தார்: ஆண்டி இன்னொரு படம் கொடுத்தால், இனிமேல் அப்படிச் செய்யவே மாட்டாராம்.