சூப்பர் மார்க்கெட் பீரை வீட்டிலேயே காய்ச்சுவது எப்படி? (புனேவாசிகளுக்கு மட்டும்)

டோர்ட்முண்டில் இருக்கும் உங்கள் சித்தி மகன் லிடில் கடைக்குப் போகிறான். இருப்பதிலேயே மலிவான பெர்லன்பாஹர் பீரை ஒரு பெட்டி தூக்கி வருகிறான். குடித்துப் பார்த்துவிட்டு, அதே ருசியைத் தன் சமையலறையில் காய்ச்சி இறக்கி, நுரை ததும்பும் கிளாஸைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுகிறான். பெரியப்பா பார்த்துவிட்டார் என்பதற்கு நீல டிக் மட்டும் விழுகிறது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று 1963-லேயே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் அதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஹிஞ்சேவாடியில் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் கை பரபரப்பது நியாயம்தான். பரபரக்கட்டும். நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

முதல் வேலை, சூப்பர் மார்க்கெட்டில் பீரைக் கண்டுபிடிப்பது. ஞாயிற்றுக்கிழமை டி-மார்ட்டுக்குப் போங்கள். முந்திரி இருக்கும், பிளாஸ்டிக் டப்பா இருக்கும், ஏழெட்டு வகை பினாயில் இருக்கும். பீர் இருக்காது. இன்னொரு வரிசையில் தேடுங்கள். அங்கேயும் இருக்காது. ஏன் என்று பில் போடும் பெண்ணிடம் கேட்காதீர்கள், பின்னால் நிற்பவர்களுக்கு நேரமில்லை. நான் சொல்கிறேன். 2022 ஜனவரி கடைசியில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஆயிரம் சதுர அடிக்குக் குறையாத சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரி வைத்து ஒயின் விற்கலாம் என்று. பீர் பேச்சே இல்லை, ஒயின் மட்டும்தான். திராட்சை விவசாயிக்கு நாலு காசு கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்கே பக்கத்து (அப்போதைய) அகமத்நகர் மாவட்டத்து ராலேகண் சித்தியிலிருந்து அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்றது அரசு. அவர் உண்ணாவிரதத்தை ஒத்திவைத்தார். ஜூன் மாதம் அரசே கவிழ்ந்தது. அலமாரி வந்து சேரவில்லை.

ஆக, மலிவு பீரின் மாதிரிக்கு நீங்கள் போக வேண்டிய இடம் ‘பீர் ஷாப்பி’. புனேயில் இந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒருவர் நிற்பார், அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஸ்ட்ராங் கீ மைல்ட்?” பீர் உலகம் மொத்தமும் இந்த இரண்டு சாதியில் அடக்கம். பிராண்டெல்லாம் பிறகுதான். பதிலுக்கு நீங்கள் “தண்ட் ஆஹே கா?” என்று கேட்க வேண்டும். டாஸ்மாக் வாசலில் “கூலிங் இருக்காண்ணே” என்று பழகிய நாக்குக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. பாட்டிலைப் பழைய மராத்திப் பேப்பரில் சுருட்டித் தருவார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியத்துக்கு அந்த ஒரு தாள் போதும்.

இடையில் ஒரு காகித வேலை இருக்கிறது. 1949-ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பம்பாய் என்றிருந்த இடத்தில் மகாராஷ்டிரம் என்று பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதன்படி வாங்க, வைத்திருக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் பெர்மிட் வேண்டும். ஒரு நாளுக்கு 5 ரூபாய், ஆயுசுக்கும் சேர்த்து 1,000 ரூபாய். ஆயுசு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு லாபமானதை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்தச் சட்டத்தில் ஹெல்த் பெர்மிட் என்றே ஒரு பிரிவு இருப்பது: உடல்நலத்தைப் பேணிக் காக்க மது தேவைப்படுகிறவர்களுக்கு அனுமதி. எந்த டாக்டரும் சொல்லத் துணியாததைச் சட்டப் புத்தகம் கூசாமல் சொல்கிறது.

மாதிரி வந்துவிட்டது. இனி ஆராய்ச்சி. இங்கேதான் ஆர்வலர்கள் தடுக்கி விழுவார்கள். மலிவு பீர்தானே, சுலபமாகக் காய்ச்சிவிடலாம் என்று நினைப்பார்கள். நிஜம் நேர்மாறு. கறுப்பாக, கசப்பாக, காப்பி வாசனையோடு ஒரு விலையுயர்ந்த ஸ்டவுட் காய்ச்சினால் நாலு தப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெளிர் மஞ்சளில், அரிசியும் சர்க்கரையும் சேர்த்து, மணமே இல்லாமல் வடித்த மலிவு லாகரில் ஒளிய இடமே கிடையாது. அதன் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 டிகிரி குளிர் வேண்டும். நொதித்து முடிந்த பிறகும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க வேண்டும். பெரிய ஆலையில் ராட்சத எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். உங்களிடம் இருப்பது தோசை மாவும் கறிவேப்பிலையும் இடம் பிடித்த ஒரு ஃப்ரிட்ஜ். ஜனவரியில் சில ராத்திரிகள் பாஷாணிலும் சிவாஜிநகரிலும் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்பது உண்மைதான். காலையில் அந்த எண்ணைச் சொல்லிப் பெருமைப்படாத புனேகர் இல்லை. மத்தியானம் அதே ஊரில் 30 டிகிரி அடிக்கும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எட்டு சதவீதம் வரை போகும் நம் ஸ்ட்ராங் பீரின் ரகசியமும் பெரிதாக ஒன்றுமில்லை. போதைக்கு வேண்டிய சர்க்கரையை எல்லாம் மால்ட்டிலிருந்தே எடுத்தால் செலவு ஏறும், குடிக்கவும் கனக்கும். அரிசியையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்தால் ஈஸ்ட் முழுவதையும் தின்று சாராயமாக்கிவிடும், பீர் லேசாகவே இருக்கும். குடிப்பவர் மூன்றாவது பாட்டிலில்தான் தெரிந்துகொள்வார்.

இப்போது அடுப்பைப் பற்ற வைக்கலாமா? கூடாது. அதே மதுவிலக்குச் சட்டத்தின் 65-ஆவது பிரிவைப் படியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் சிறை. தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரம் பண்டம் வைத்திருந்தாலும் குற்றம். டோர்ட்முண்ட் தம்பிக்குப் பொழுதுபோக்காக இருப்பது உங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன். சொசைட்டி செக்ரட்டரிக்குப் பார்க்கிங் தகராறில் உங்கள்மேல் ஏற்கெனவே கோபம் இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

சோர்ந்துவிடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பீர் இல்லை என்றேன் இல்லையா? இன்னொரு தரம் போய், ஜூஸ் அலமாரியில் பாருங்கள். கூல்பெர்க், கிங்ஃபிஷர் ராட்லர், ஹைனகன் 0.0, பட்வைஸர் 0.0. எல்லாமே பீரின் சாயலில், பீர் வாங்க வெட்கப்படுகிறவரும் மாமியாரோடு போய் வாங்கக்கூடியவை. சாராயம் அரை சதவீதத்தைத் தாண்டினால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கணக்கில் அது மது. காலாவதித் தேதி நெருங்கும்போது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூலையில் குவித்துவைப்பார்கள். நாம் தேடிவந்த தள்ளுபடி பீர் இதுதான், வேறில்லை.

இதில் எதை நகலெடுப்பது? 0.0 வகைகளை விட்டுவிடுங்கள். முழுசாக பீர் காய்ச்சி, பிறகு அதிலிருந்து சாராயத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை அது. வீட்டில் அதைச் செய்யப் போனால், வழியில் 65-ஆவது பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும். பீச், ஸ்ட்ராபெரி என்று வருபவற்றைக் காய்ச்சுவதற்கு ரஸ்னா பாக்கெட் போதும். மிஞ்சுவது ராட்லர். 1922-ல் மியூனிக் பக்கத்துச் சத்திரக்காரர் ஒருவர், சைக்கிளில் வந்து குவிந்த கூட்டத்துக்கு பீர் போதாமல் பாதிக்குப் பாதி எலுமிச்சை சோடா கலந்து கொடுத்தாராம். கதை அப்படி. ஜெர்மானியர்கள் பாதி பீரை எடுத்தார்கள், நாம் மீதிப் பாதியையும் எடுத்துவிட்டோம். பார்லி மால்ட், எலுமிச்சை, கேஸ். செய்யலாம்.

பார்லிக்கு குல்டேக்டி மார்க்கெட் யார்டின் புசார் (தானிய) கடைகளுக்குப் போய் ‘ஜவ்’ என்று கேளுங்கள். கஞ்சிக்கு விற்கும் பளபள முத்து பார்லி வேண்டாம், உமி நீக்கித் தீட்டியது முளைக்காது. அலைய முடியாது என்றால் கேழ்வரகு. இங்கே அதற்குப் பெயர் நாச்ணி. ஊறவைத்து, வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளைவிட்டதும் உலர்த்துங்கள். பால்கனியில் உலர்த்தினால் கம்பு எடுத்துக்கொண்டு காவல் இருங்கள், புனே புறாக்களுக்கு பெர்மிட் தேவையில்லை. வறுக்கும்போது தீ ஏறக் கூடாது. முளைக்கும்போது உண்டாகிற அமைலேஸ் நொதிதான் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவது, சூடு மிஞ்சினால் அது செத்துவிடும். முளைகட்டிய மாவில் செய்த கஞ்சி குழந்தைக்கு நீர்த்துக் கிடைப்பதற்கும் இந்த நொதிதான் காரணம். ஆக, நம் பாட்டிகள் அத்தனை பேரும் மால்ட் தயாரித்தவர்கள்தாம். பீர் வரைக்கும் போகவில்லை.

உடைத்த மால்ட்டை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். தெர்மாமீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும், விரலை விட்டுப் பார்ப்பது பால் காய்ச்சுவதற்குச் சரி. குக்கரில் வைத்து விசில் விட்டீர்கள் என்றால் நொதியெல்லாம் பரலோகம், மிஞ்சுவது கூழ். பாத்திரத்தைச் சுற்றிப் பழைய ஸ்வெட்டரைப் போர்த்திவைத்தால் சூடு நிற்கும். ஒரு சொட்டு எடுத்து அதில் டிஞ்சர் அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது, பொறுங்கள். நிறம் மாறாவிட்டால் வடிகட்டுங்கள்.

இதற்கிடையில் சமையலுக்கு வரும் மாவ்ஷி “ஹே காய்?” என்று கேட்பார். புனே மரபுப்படி சுவரில் ஒரு பாட்டி எழுதி ஒட்டிவிடுவது நல்லது. நம் பாட்டி அல்ல, புணேரி பாட்டி, அதாவது இந்த ஊருக்கே உரிய வெடுக் வாசகப் பலகை. மாதிரி வாசகம்: ‘இது ரசம் அல்ல. மூடியைத் திறந்து பார்த்தால் ரசமாகிவிடாது.’

வடித்ததை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். நீண்ட கொதியில்தான் அதன் கசப்பு நீரில் இறங்கும். இந்தியாவில் ஹாப்ஸ் விளைவது இமாசலத்து லாஹூல் பள்ளத்தாக்கில். அவ்வளவு தூரம் போக லீவு கிடைக்காதவர்கள் வேப்பம்பூவைப் போடலாம். சித்திரைப் பச்சடிக்கு ஊரிலிருந்து அம்மா அனுப்பியது டப்பாவில் இருக்கும். அளவு தெரியாமல் போட்டால் குழந்தைக்குப் பூச்சி மருந்தாகவாவது பயன்படும்.

இனி மிக ஆபத்தான கட்டம். ஆறிய மால்ட் நீரை மேடையில் மறந்து வைத்துவிட்டு மும்பைக்குப் போய் வராதீர்கள். சர்க்கரை இருக்கிறது, காற்றில் ஈஸ்ட் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் அவை காரியத்தைத் தொடங்கிவிடும். புனே தெருவோர நீரா கடைகளில் அதைச் சில்லென்றே வைத்து விற்பதும், நம்மூரில் பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதும் இந்தப் பயத்தில்தான். குளிரும் சுண்ணாம்பும் இல்லையென்றால் காலையில் நீராவாக இறக்கியது மதியத்துக்குள் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, பனைமரத்துக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஓரிரு நாளில் குடித்துத் தீருங்கள். குடிக்கும்போது எலுமிச்சை பிழிந்து, பாதிக்குப் பாதி சோடா.

ருசித்துப் பார்த்துவிட்டு, இதில் கடை பீரின் அந்த ‘இது’ இல்லையே என்பீர்கள். இருக்காது. கடைச் சரக்கு சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய அவுரங்காபாத்) வாளூஜ் பக்கமிருந்து மே மாத வெயிலில் லாரியில் வந்து, இறக்கிவைத்த இடத்தில் பெட்டியோடு காய்ந்திருக்கும். சூட்டில் பழைய அட்டைப்பெட்டி வாசனை ஏறும். பச்சை பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சிதைந்து ஒரு மாதிரி நாறும். பழுப்பு பாட்டில் வைப்பது அதைத் தடுக்கத்தான். உங்கள் தயாரிப்பையும் பால்கனி வெயிலில் சற்று வாட்டினால் அசலை நெருங்கலாம்.

கிளிசரின் எடுக்கும் சடங்கையும் விட்டுவிடாதீர்கள். பாட்டில் வாயைக் கட்டைவிரலால் பொத்தி, தண்ணீர் டம்ளரில் தலைகீழாக அமிழ்த்தி விரலை எடுத்தால், மஞ்சளாக ஏதோ இழை இழையாகக் கீழே இறங்கும். “பார்த்தியா, கிளிசரின்!” என்பார் விவரம் தெரிந்த நண்பர். இறங்குவது பீர்தான். நொதிக்காமல் மிஞ்சிய சத்தினால் அது தண்ணீரைவிடச் சற்றே கனம், அதனால் மூழ்குகிறது. இதை அவரிடம் சொல்லாதீர்கள், நட்பு முக்கியம். உங்கள் மால்ட் நீரில் சர்க்கரை இன்னும் அதிகம், எனவே இன்னும் அழகாக இறங்கும். சபையில் கைதட்டல் கிடைக்கப்போகும் ஒரே கட்டம் இது.

இவ்வளவுக்குப் பிறகும் நிஜ பீர்தான் வேண்டும் என்கிறவர்கள், லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் போகலாம். 2009-ல் டூலாலி புனேயில் தன் மைக்ரோ புரூவரியைத் திறந்த நாளிலிருந்து இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முண்ட்வா பக்கம் இண்டிபெண்டன்ஸ் இருக்கிறது. எல்லாம் நல்ல பீர். தள்ளுபடி என்ற சொல்லை மட்டும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் தெர்மாமீட்டர், கேஸ், மார்க்கெட் யார்டுக்கு ஆட்டோ என்று உங்கள் செலவை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் அவர்கள் பில் அவ்வளவு உறுத்தாது.

வடிகட்டிய சக்கையைக் குப்பையில் போடாதீர்கள். ஆலைகளில் அது மாட்டுத் தீவனமாகப் போகிறது. உங்களிடம் மாடு இல்லாததால், கேழ்வரகுச் சக்கையை மையாக அரைத்து, பாஜணி மாவு, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து மாவ்ஷியிடம் கொடுங்கள். ஈரத்துணியில் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, தாலிபீட் சுட்டுத் தருவார். வெண்ணெய் வைத்துச் சாப்பிடுங்கள். இந்தச் செய்முறையில் வீட்டில் இருப்பவர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கப்போவது இதை மட்டும்தான், மால்ட் நீர் ஃப்ரிட்ஜிலேயே இருக்கும்.