ஒரு கிராமுக்கு ஒரு டன்

கேள்வி: தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். தாய்மாமாவுக்கு மனச்சிதைவு என்று தெரிந்ததும் பெண் வீட்டார், ‘பரம்பரை வியாதியாச்சே’ என்று பின்வாங்குகிறார்கள். அந்த மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களா?
— ஒரு வாசகி, ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: எந்த மரபணுவை? 2022-ல் வெளியான உலகளாவிய ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபுத்தொகுதியில் காட்டியது. பெரும்பாலானவற்றின் பங்கு இம்மியளவு. டன் கணக்கில் பாறை உடைத்து கிராம் கணக்கில் தங்கம் எடுத்த ஊருக்கு இதை விளக்க வேண்டுமா! உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலே மற்றவருக்கு வந்தே தீரும் என்றில்லை, மருமகன் எம்மாத்திரம்?

பக்கத்துப் பெங்களூரு நிம்ஹான்ஸில், பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களிடம் ரத்தம் வாங்கி, அந்த அணுக்களை ஸ்டெம் செல்லாக்கி, நரம்பணுவாக வளர்த்து ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுப் பட்டியலில் மனச்சிதைவோடு குடியடிமைத்தனமும் இருக்கிறது. அதனால், பெண்ணின் அப்பா சாயங்காலம் எங்கே போகிறார் என்று நீங்களும் விசாரித்து வையுங்கள்.