காதடைத்த கூண்டு

மார்கழியில் ஊட்டிக்கு விருந்தாளியாக வருகிறவர்கள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நாலு இடம் பார்த்துவிட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் முறை. மதுரையிலிருந்து வந்த என் மச்சினன் கோழிக்கூண்டைச் சீர்திருத்திவிட்டுப் போயிருக்கிறான்.

காலையில் பின்கட்டுக்குப் போனால் கூண்டைக் காணோம். அந்த இடத்தில் யாரோ ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் நிற்கிறது. கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் வரிசையாக என்னை வரவேற்கிறார்கள். நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, அடியில் செங்கல் வைத்து, கூரைக்குக் கீழே நான் மெனக்கெட்டு விட்டிருந்த காற்றுச் சந்தில் என் லுங்கியையே உருட்டித் திணித்திருக்கிறான். “காத்து அடிக்குது மாமா. வாயில்லா ஜீவன், பாவம்” என்றான்.

அவனைச் சொல்லி என்ன? குளிர் உள்ளே வருவதற்கு நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வாசல் காது. அதை அடைத்தாயிற்று என்றால் நிம்மதி. சீசனில் இங்கே வருகிறவர்களைப் பாருங்கள். மே மாதம், பகலில் 22 டிகிரி. இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, காலில் ரப்பர் செருப்பு, உடம்பில் காற்றுக்குப் படபடக்கும் சட்டை. தலையில் மட்டும் மங்கி குல்லா. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், கொண்டையில் மல்லிகை, மல்லிகையையும் சேர்த்து மஃப்ளர். குழந்தை ஐஸ்கிரீம் தின்னலாம், தடையில்லை. காதை மூடிக்கொண்டு தின்ன வேண்டும். சாக்ஸ் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாச்சாரம். காதில் பஞ்சு வைத்தவரிடம் மணி கேட்டால், “கோயமுத்தூருங்க” என்பார். மலை இறங்கி மேட்டுப்பாளையத்தில் வியர்த்து ஊற்றும்போதும் குல்லா இறங்காது. காரமடை தாண்டியபின், யாராவது முதலில் கழற்றினால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மற்றவர்கள் கழற்றுவார்கள். இதை எழுதும் இந்த நிமிஷம் என் காதைச் சுற்றியும் மஃப்ளர்தான், கால் வெறுங்கால். பரம்பரை.

ஆனால் கோழி நம் பரம்பரை இல்லையே! அதன் உடம்புச் சூடு 41 டிகிரி. இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால் உறைபனி இரவையும் தாண்டிவிடும். அதற்கு எமன் ஈரம். ராத்திரி முழுக்க விடும் மூச்சும் எச்சத்தின் ஈரமும் வெளியே போக வழியில்லாவிட்டால் கூண்டுக்குள் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். அந்த ஈரம் கொண்டையில் படிந்து உறைந்தால் சேவலின் கொண்டை நுனி கருத்து உதிரும். அதனால்தான் தலைக்கு மேலே சந்து, உட்காரும் உயரத்தில் அடைப்பு. தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக்கூடக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டுத்தான் பனிக்கு மூடுகிறார்கள், காற்று புகும். யாரும் தாய்மாமன்களைக் கொண்டு மூடுவதில்லை.

இதோடு விட்டானா? உள்ளே ஒரு பல்பும் தொங்கவிட்டிருந்தான், சூட்டுக்காம். ஒன்பது வாட் எல்.இ.டி. குண்டு பல்பாவது சூடு தரும், தூசியும் சருகும் பட்டால் கூண்டையே கொளுத்தியும் தரும். இது வெளிச்சம் மட்டும் தரும். விடிந்துவிட்டதென்று நம்பிய சேவல் ராத்திரி இரண்டு மணிக்குக் கூவ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கூண்டைக் குளிருக்குத் தயார் செய்வது எப்படி என்று முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தரையில் காய்ந்த மரச்சீவல் அரையடிக்குக் குறையாமல் போட வேண்டும். உட்காரும் கட்டை தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வயிற்று இறகு கால்விரல்களை மூடும். தண்ணீர்ச் சட்டி விடிகாலையில் ஏடு கட்டிவிடும், அதற்கு என்ன செய்வதென்றால்...

சிவப்புப் பெட்டை வேறு, பகல் குறைந்ததும் இறகு உதிர்த்துவிட்டு மொட்டைக் கழுத்தோடு திரிகிறது. வருஷா வருஷம் நடப்பதுதான், தானே முளைத்துவிடும். வீடியோ காலில் அதைப் பார்த்த மாமியார் பதறிப்போய் உல்லன் நூல் வாங்கிவிட்டாராம். கழுத்துச் சுற்றளவு கேட்கிறார். காதையும் சேர்த்து மூடுகிற மாதிரி பின்ன வேண்டுமாம், கோழிக்குக் காது எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறார்.